முதல் முறையாக ப்ராசஸர் மாட்டப் போகிறவர்களுக்கு

ரேம் மாற்றியிருப்பார்கள், எஸ்எஸ்டி போட்டிருப்பார்கள், தூசு தட்டுவதற்காகக் கேபினெட்டைப் பலமுறை திறந்திருப்பார்கள். ப்ராசஸர் என்றதும் மட்டும் "அதைக் கடையிலேயே குடுத்துடலாம்" என்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. மொத்தக் கம்ப்யூட்டரிலும் விரல் நுனி பட்டே கெட்டுப்போகக்கூடிய இடம் என்றால் ப்ராசஸர் உட்காரும் இந்த சாக்கெட்தான். ஆனால் வேலை என்னவோ அரை மணி நேர வேலை. அதிலும் ப்ராசஸரைக் கையில் வைத்திருக்கும் நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது.

நான் பார்த்த வரையில் புதியவர்களுக்குப் பயம் இருப்பது தொந்தரவில்லை, அது இடம் மாறி இருப்பதுதான் தொந்தரவு. அழுத்தவே கூடாத இடத்தில் "உட்காரலையோ" என்று லேசாக அழுத்திப் பார்ப்பார்கள். நன்றாக அழுத்த வேண்டிய இடத்தில் கை நடுங்கிப் பாதியில் விட்டுவிடுவார்கள். எது எந்த இடம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இரண்டு மெஷின்களை வைத்துச் சொல்கிறேன். ஒன்று, என் அக்கா மகனுடைய பழைய ஏஎம்டி மெஷின். பி450 மதர்போர்டு, அதில் ரைசன் 3 2200ஜி. அதைக் கழற்றிவிட்டு ரைசன் 5 5600 போட்டோம். இன்னொன்று புதிதாக அசெம்பிள் செய்த இன்டெல் மெஷின். கோர் ஐ5 12400எஃப், பி660 மதர்போர்டு. உங்களுடையது வேறு மாடலாக இருந்தாலும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைப் போலத்தான் இருக்கும்.

வாங்கும் முன்

ப்ராசஸரும் மதர்போர்டும் ஒரே சாக்கெட்டாக இருக்க வேண்டும். இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்களுக்கு எல்ஜிஏ1700. 10, 11ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ1200. 2024 கடைசியில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851. ஏஎம்டியில் ரைசன் 1000 முதல் 5000 வரை ஏஎம்4, 2022இல் வந்த ரைசன் 7000 முதல் ஏஎம்5. ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் உட்காராது.

சாக்கெட் ஒன்றாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் போர்டு மாடலுக்கான பக்கத்தில், எந்தெந்த ப்ராசஸர் ஓடும், ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சம் எந்த பயாஸ் (மெஷினை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பு வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். பி450 போர்டுகள் வெளிவந்தது 2018இல். ரைசன் 5000 வந்தது 2020 நவம்பரில். பழைய பயாஸோடு இருக்கும் போர்டுக்கு 5600 என்றால் என்னவென்றே தெரியாது. 12ஆம் தலைமுறைக்காக வந்த பி660 போர்டில் 14ஆம் தலைமுறை ப்ராசஸர் போடுபவர்களுக்கும் இதே கதைதான்.

இன்னொரு பொறி, பெயருக்குப் பின்னால் வரும் எழுத்து. இன்டெல்லில் கடைசியில் எஃப் என்று இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. ஏஎம்4 ரைசனில் நேர்மாறு: ஜி என்று இருந்தால்தான் கிராஃபிக்ஸ் உண்டு. அக்கா மகனுடைய 2200ஜியில் கிராஃபிக்ஸ் இருந்தது, மானிட்டர் வயரை நேராக மதர்போர்டில் செருகியிருந்தான். 5600இல் அது இல்லை. தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்காமல் இந்த மாற்றத்தைச் செய்திருந்தால் எல்லாம் சரியாக மாட்டியும் திரை கறுப்பாகவே இருந்திருக்கும். கார்டுக்குப் பட்ஜெட் இல்லை என்றால் 5600ஜி வாங்கலாம்.

பழையது உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டியவை

பலரும் ஆர்வத்தில் முதலில் கேபினெட்டைத் திறந்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது.

முதலாவது பயாஸ். பழைய ப்ராசஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்டேட் செய்துவிடுங்கள். கழற்றிய பிறகு ஞாபகம் வந்தால் திரும்பவும் பழையதை மாட்டி, மேலே தெர்மல் பேஸ்ட் என்ற பசையைத் தடவி, சூட்டைத் தணிக்கும் கூலரைப் போட்டு, எல்லாம் முதலிலிருந்து. மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து ஃபைலை இறக்கி, ஃபேட்32ஆக ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போட்டு, பயாஸுக்குள்ளே இருக்கும் அப்டேட் வசதி வழியாகவே ஏற்றுவது நல்லது. நடுவில் கரன்ட் போனால் போர்டு எழுந்திருக்காமல் போகலாம், அதனால் யுபிஎஸ்ஸில் ஓடட்டும். யுபிஎஸ் இல்லாதவர்கள், பவர் கட் அறிவிப்பு வந்திருக்கும் நாளில் இதைத் தொடாதீர்கள். சில போர்டுகளில் ப்ராசஸரே இல்லாமல் பின்பக்க யுஎஸ்பி வழியாக பயாஸ் ஏற்ற ஒரு பட்டன் இருக்கும். புது போர்டு வாங்குகிறீர்கள் என்றால் அந்தப் பட்டன் இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது பிட்லாக்கர், அதாவது விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி. விண்டோஸ் 11 வைத்திருக்கும் பலருக்குத் தங்கள் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருப்பதே தெரியாது. பெரும்பாலான ஏஎம்டி மெஷின்களில் ப்ராசஸர் மாறும்போது அதற்குள் இருக்கும் பாதுகாப்புச் சாவியும் மாறிவிடும்; விண்டோஸ் உடனே 48 இலக்க ரிக்கவரி கீயைக் கேட்டுக்கொண்டு நிற்கும். முன்னாடியே மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் அந்தக் கீயைத் தேடி ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தியும் வைக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் இதைச் செய்யாமல் மாற்றிவிட்டு, பாஸ்வேர்டு மறந்த மெயில் கணக்கைத் திறப்பதற்கு இரண்டு நாள் அலைந்தார்.

மேசையைத் தயார் செய்வது

நடு அளவு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், தெர்மல் பேஸ்ட், ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பஞ்சு நூல் பறக்காத துணி அல்லது காபி ஃபில்டர் பேப்பர், ஸ்க்ரூக்களைப் போட ஒரு கிண்ணம், நல்ல வெளிச்சம். இவ்வளவுதான். கிண்ணத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். கேபினெட்டுக்குள் விழுந்த ஒரு ஸ்க்ரூவைத் தேடுகிற நேரத்தில் ப்ராசஸரையே மாட்டி முடித்திருக்கலாம்.

ஷட் டவுன் செய்து, எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டி) பின்னால் இருக்கும் சுவிட்சை அணைத்து, வயரைச் சுவரிலிருந்தே உருவிவிடுங்கள். அப்புறம் முன்னால் இருக்கும் பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் கரன்ட்டும் வடிந்துவிடும். ஃபேன் ஒரு சுற்று சுற்ற முயன்று நின்றால் பயப்பட வேண்டாம், அதுதான் வடிவது.

ஸ்டாடிக் பற்றி ஒரு வார்த்தை. நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கும் என்பது உண்மை. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது சேருவது குறைவு. ஏசி அறையில், கார்ப்பெட் மேல், பாலியெஸ்டர் சட்டையோடு உட்கார்ந்தால் கூடும். மணிக்கட்டுப் பட்டை இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கேபினெட்டில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை அவ்வப்போது தொட்டுக்கொண்டே வேலை செய்தால் போதும், நான் அப்படித்தான் செய்கிறேன். எப்போதாவது மெஷின் ஓடும்போது கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? அது வேறு விஷயம். வீட்டு எர்த் சரியில்லை என்று அர்த்தம், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பழைய கூலரைக் கழற்றுவது

ஏஎம்4 மெஷினில் ஆபத்தான நிமிடம் எது என்று கேட்டால், புதியதை மாட்டும்போது வருவதல்ல, பழைய கூலரைத் தூக்கும்போது வருவது என்பேன். அதில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

ஏஎம்4 ப்ராசஸரின் அடியில் 1331 பின்கள் இருக்கின்றன. சாக்கெட் அவற்றைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்கிறதே தவிர, ப்ராசஸரின் தலைக்கு மேல் எந்தப் பூட்டும் கிடையாது. நாலைந்து வருடம் ஓடிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சிமென்ட் போல ஆகியிருக்கும். நேராக மேலே இழுத்தால் கூலரோடு ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அதுவும் சாக்கெட்டின் பக்கத்தில் இருக்கும் லீவர் பூட்டியிருக்கும்போதே. எனக்கு அப்படித்தான் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு வந்தது. கூலரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ப்ராசஸர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு மூலையில் இரண்டு பின் சாய்ந்திருக்கின்றன. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. கழற்றுவதற்கு முன் பத்து, பதினைந்து நிமிடம் மெஷினில் ஏதாவது கனமான வேலை ஓடவிடுங்கள். பேஸ்ட் சூட்டில் இளகும். முன்பு சொன்னபடி அணைத்து, சுவர் வயரையும் உருவிவிட்டு, சூடு ஆறுவதற்குள் ஃபேன் வயரை உருவி, ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். அப்புறம் கூலரை மேலே தூக்காமல், ஜாடி மூடியைத் திருகுவது போல இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பிடி விட்டுப்போவது கைக்கே தெரியும். அதற்குப் பிறகுதான் தூக்க வேண்டும். வளைந்த பின்னை நிமிர்த்த வேண்டிய நிலை வந்தால், லெட் இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் முனைக்குள் அந்தப் பின்னை நுழைத்து மெதுவாக நிமிர்த்தலாம். பின் வரிசைகளுக்கு நடுவே ஏடிஎம் கார்டின் ஓரத்தை ஓட்டி நேராக்கலாம். என்னுடையது பிழைத்துக்கொண்டது. உடைந்துபோன பின்னுக்கு மட்டும் வீட்டு வைத்தியம் கிடையாது.

பாக்ஸோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலருக்கு இன்னொரு சேட்டை உண்டு. அதன் நான்கு ஸ்க்ரூக்களும் போர்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் போய் இறங்குகின்றன. ஸ்க்ரூவைக் கழற்றியதும் அந்தத் தகடு பின்பக்கம் கழன்று விழுந்துவிடும். ஒரு கையால் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது கேபினெட்டைப் படுக்கவைத்து வேலை செய்யுங்கள்.

கூலர் வந்ததும் ப்ராசஸர் மேல் இருக்கும் பழைய பேஸ்ட்டை, அது சாக்கெட்டில் இருக்கும்போதே துடைத்துவிடுங்கள். அப்புறம்தான் லீவரைத் தூக்கி, ப்ராசஸரின் இரண்டு ஓரங்களையும் பிடித்து நேராக வெளியே எடுக்க வேண்டும்.

ஏஎம்4இல் மாட்டுவது: இங்கே அழுத்தவே கூடாது

லீவரை லேசாக வெளிப்பக்கம் தள்ளி, செங்குத்தாக நிற்கும்வரை தூக்குங்கள். பாதி தூக்கினால் போதாது. புதிய ப்ராசஸரை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள், அடியில் விரல் படக் கூடாது. ஒரு மூலையில் சின்னத் தங்க நிற முக்கோணம் இருக்கும். சாக்கெட்டின் ஒரு மூலையிலும் அதே முக்கோணம் பொறித்திருக்கும். இரண்டும் ஒரே மூலையில் வரும்படி வைத்துக் கையை விடுங்கள்.

வைக்க மட்டும்தான் வேண்டும். தன் எடையிலேயே அது சரக்கென்று உள்ளே இறங்கிவிடும். இந்த சாக்கெட்டை வடிவமைத்ததே அப்படித்தான்: லீவர் தூக்கியிருக்கும்போது பின்கள் எந்தத் தடையும் இல்லாமல் ஓட்டைகளில் விழும், லீவரை இறக்கும்போதுதான் சாக்கெட் அவற்றை இறுக்கிக்கொள்ளும். இறங்கவில்லை என்றால் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முக்கோணம் மாறியிருக்கும், லீவர் முழுக்க எழுந்திருக்காது, அல்லது ஒரு பின் வளைந்திருக்கும். மூன்றுக்குமே மேலிருந்து அழுத்துவது மருந்தல்ல. எடுத்துவிட்டு, பின்களைச் சாய்த்து வெளிச்சத்தில் வரிசை வரிசையாகப் பாருங்கள். வளைந்த பின் இருந்தால் அந்த வரிசை மட்டும் கோணலாகத் தெரியும்.

நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் தட்டையாக உட்கார்ந்திருக்கிறதா? சரி, இப்போது லீவரை இறக்கிக் கொக்கியில் மாட்டுங்கள். கடைசியில் கொஞ்சம் இறுக்கம் தெரியும். லீவர் இறங்கும்போது ப்ராசஸர் அசையாமல் இருக்க ஒரு விரலை அதன் மேல் சும்மா வைத்துக்கொள்ளலாம்.

இன்டெல்லிலும் ஏஎம்5இலும்: இங்கே லீவரை அழுத்தித்தான் ஆக வேண்டும்

2004இல் எல்ஜிஏ775 வந்ததிலிருந்தே இன்டெல் தன் டெஸ்க்டாப் சாக்கெட்டுகளில் பின்களைப் போர்டின் பக்கம் மாற்றிவிட்டது. ஏஎம்டியும் ஏஎம்5இல் அதே வழிக்கு வந்துவிட்டது, அதில் 1718 பின்கள். ப்ராசஸரின் அடியில் தட்டையான தங்கப் புள்ளிகள் மட்டும்தான். எனவே ஜாக்கிரதை காட்ட வேண்டியது சாக்கெட்டிடம். மயிரிழை போன்ற பின்கள், ஒவ்வொன்றும் ஒரே பக்கம் சாய்ந்து, வெளிச்சத்தில் ஜரிகை மாதிரி மினுங்கும். அந்த மினுக்கத்தில் எங்காவது ஒரு புள்ளி மாறித் தெரிந்தால் அங்கே பின் வளைந்திருக்கிறது. செகண்ட் ஹேண்ட் போர்டு வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன், மொபைல் டார்ச்சை அடித்து நாலு கோணத்திலிருந்து இதைப் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் வாங்கி வந்து, ஒரு ரேம் ஸ்லாட் ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு வாரம் ரேம்மைத் திட்டிக்கொண்டிருந்தேன். குற்றவாளி சாக்கெட்டில் வளைந்திருந்த ஒரு பின். இந்தப் பின்களை நீங்களே ஊசியால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். பூதக்கண்ணாடி வைத்துச் செய்பவரிடம் கொடுப்பதுதான் நல்லது.

புது போர்டில் சாக்கெட்டின் மேல் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாதீர்கள். லீவரைக் கீழே அழுத்தி, வெளிப்பக்கம் நகர்த்தி, கொக்கியிலிருந்து விடுவித்துத் தூக்குங்கள். மூடியோடு சேர்த்தே இரும்புச் சட்டத்தைத் திறக்கலாம். இப்போது பின்கள் திறந்து கிடக்கின்றன. சட்டைக் கை, துணி, விழப்போகும் ஸ்க்ரூ, தும்மல், எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம்.

ப்ராசஸரின் ஓரங்களில் சின்ன வெட்டுகள் இருக்கும், சாக்கெட்டின் ஓரத்தில் அவற்றுக்குப் பொருத்தமாகச் சின்ன மேடுகள். முக்கோணத்தைப் பார்த்து, வெட்டும் மேடும் பொருந்தும்படி நேர் மேலிருந்து இறக்கி வையுங்கள். சாய்த்து ஒரு ஓரத்தை முதலில் வைப்பது, வைத்த பிறகு இழுத்து நகர்த்துவது இரண்டும் கூடாது. பொருந்திவிட்டால் ஆடாது. அவ்வளவுதான், இனி ப்ராசஸரைத் தொட வேண்டாம்.

சட்டத்தை மூடி லீவரை இறக்குங்கள். இங்கேதான் புதியவர்கள் உறைந்துபோகிறார்கள். பாதி தூரம் வரைக்கும் சுலபமாக வரும் லீவர் அதற்கப்புறம் முரண்டு பிடிக்கும், 'கிரீச்' என்று சத்தம் வேறு. அந்த 12400எஃப் மெஷினில் லீவரை அக்கா மகனிடம்தான் கொடுத்தேன். பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"மாமா, உடையிற மாதிரி சத்தம் வருது."

"வரட்டும். அழுத்துடா."

"நெஜமாவா?"

1700 பின்களும் ஒரே நேரத்தில் ப்ராசஸரின் அடியில் அழுந்த வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஸ்பிரிங். மொத்தத்தையும் சேர்த்து அமுக்கும் வேலையைத்தான் அந்த லீவர் செய்கிறது, அதனால் கையில் கனம் தெரியத்தான் செய்யும். ப்ராசஸர் சரியாகப் பொருந்தியிருப்பதை முன்பே பார்த்துவிட்டீர்கள் என்றால், கட்டை விரலால் தயங்காமல் அழுத்திக் கொக்கியில் மாட்டுங்கள். அந்தச் சமயத்தில் பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வரும். வராவிட்டால் பூட்டிய பிறகு கையால் எடுத்துக்கொள்ளலாம்.

பேஸ்ட்

கம்பெனி கூலர் புதிதாக இருந்தால் அதன் அடியிலேயே சாம்பல் நிறத்தில் பேஸ்ட் தடவி வந்திருக்கும். அதன் மேல் இன்னொரு முறை போட வேண்டாம், அதில் விரலும் வைக்க வேண்டாம். தனியாக வாங்கிய கூலர் என்றால் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், "புது கூலர் போட்டும் 95 டிகிரி போகுது" என்பவர்களில் சிலர் அந்தத் தாளோடு மாட்டியவர்கள்தான்.

எவ்வளவு போட வேண்டும் என்பதற்கு ஆளுக்கொரு கட்சி. ஏஎம்4 போன்ற சதுர ப்ராசஸருக்கு நடுவில் காய்ந்த பட்டாணி அளவு ஒரு சொட்டு போதும். எல்ஜிஏ1700 ப்ராசஸர் நீள்சதுரம், 45க்கு 37.5 மி.மீ., அதனால் சொட்டை நீள வாக்கில் கொஞ்சம் இழுத்துவிடுவது நல்லது. ஏஎம்5 ப்ராசஸரின் மூடி ஓரங்களில் வெட்டு வெட்டாக இருக்கும். அதில் அதிகமாகப் போட்டால் பேஸ்ட் அந்த வெட்டுகளில் வழிந்து நிற்கும். சாதாரண பேஸ்ட்டில் மின்சாரம் பாயாது, அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. பின்னால் துடைக்கும்போது மட்டும் வாயில் வசவு வரும். தோசைக்கு நெய் தடவுவது போலப் பரப்பித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும்.

கூலரை இறக்குவது

பழைய மெஷினிலிருந்து எடுத்த கூலரைப் புதியதில் போட நினைப்பவர்கள் கவனிக்க: எல்ஜிஏ1200இல் கூலர் ஓட்டைகள் 75 மி.மீ. இடைவெளியில் இருந்தன, எல்ஜிஏ1700இல் 78 மி.மீ. கைக்கு ஏறக்குறைய பொருந்துவது போலத்தான் இருக்கும், ஆனால் தனி பிராக்கெட் வேண்டும். ஏஎம்4 கூலர்கள் பெரும்பாலும் ஏஎம்5இலும் பொருந்தும்.

ஸ்க்ரூ வைத்த கூலர் என்றால் நேராக மேலிருந்து இறக்கி, நான்கு ஸ்க்ரூக்களையும் கையாலேயே இரண்டு சுற்று பிடிக்கவிடுங்கள். அப்புறம் ஒரு மூலை, அதற்கு எதிர் மூலை என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். ஒரே ஸ்க்ரூவை முழுக்க இறுக்கிவிட்டால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும், எதிர் மூலை ஸ்க்ரூ எட்டவே எட்டாது. தானாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

12400எஃப் பாக்ஸில் வரும் இன்டெல் கூலருக்கு ஸ்க்ரூ கிடையாது, நான்கு மூலையிலும் அழுத்தி மாட்டும் பின்கள். இவை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பின்னின் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அந்தப் பக்கம் திருப்பினால் கழலும். எனவே மாட்டும் முன் நான்கையும் அம்புக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். வெள்ளைக் கால்கள் நான்கும் ஓட்டைகளில் இறங்கியதும், எதிரெதிர் மூலைகளாக 'டிக்' சத்தம் வரும்வரை அழுத்துங்கள். இங்கேயும் நன்றாக அழுத்த வேண்டும், போர்டு லேசாக வளைவது கூடத் தெரியும். அதனால்தான் போர்டைக் கேபினெட்டில் மாட்டுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது உத்தமம். போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து மாட்டி, பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். நான்கு ஓட்டையிலும் வெள்ளைக் கால் முழுக்க வெளியே வந்து, நடுவில் கறுப்புக் குச்சி தெரிய வேண்டும். ஒன்றில் தெரியவில்லை என்றாலும் கூலர் அந்த மூலையில் தூக்கிக்கொண்டிருக்கிறது.

ஃபேன் வயரை சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் நான்கு பின் இடத்தில் செருகுங்கள். பக்கத்திலேயே கேபினெட் ஃபேனுக்கான இடங்களும் அதே வடிவில் இருக்கும், மாறிவிடக் கூடாது. அப்புறம் போர்டின் மேல் மூலையில் ப்ராசஸருக்கான எட்டு பின் பவர். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் நாலும் நாலுமாகப் பிரியும் வயர்தான் இதற்கு. ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராஃபிக்ஸ் கார்டுக்கானது. வடிவம் வேறு என்பதால் சரியாக நுழையாது, நுழையாததைத் திணிக்காதீர்கள்.

ஆன் செய்வது

கேபினெட் மூடியைப் பூட்டாமலேயே முதலில் ஆன் செய்து பாருங்கள். ஃபேன் சுற்ற வேண்டும். உடனே திரையில் படம் வந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். ஏஎம்5 மெஷினில் டிடிஆர்5 ரேம்மை முதல் முறை பழக்கிக்கொள்ள போர்டு சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாக இருக்கும். பதறி பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஏஎம்டியில் பழையதை எடுத்துப் புதியதைப் போட்டிருந்தால், புது ப்ராசஸர் வந்திருக்கிறது, எஃப்டிபிஎம்மை (ப்ராசஸருக்குள் அந்தப் பாதுகாப்புச் சாவி இருக்கும் இடம்) ரீசெட் செய்யலாமா என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரலாம். ஒய் அழுத்தினால் ரீசெட் ஆகும், பிட்லாக்கர் போட்டிருந்தால் அந்த ரிக்கவரி கீ கேட்கும். தாளில் எழுதி வைத்தது இதற்குத்தான்.

முதலில் பயாஸுக்குள் போங்கள். ப்ராசஸரின் பெயர் சரியாக வந்திருக்கிறதா, ரேம் முழுதும் தெரிகிறதா, சூடு எவ்வளவு என்று பாருங்கள். பயாஸ் திரையில் 40, 50 டிகிரி சாதாரணம், சித்திரை வெயிலில் இன்னும் கொஞ்சம் கூடத் தெரியலாம். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 70, 80, 90 என்று ஏறிக்கொண்டே போனால் அணைத்துவிடுங்கள்; கூலர் உட்காரவில்லை. ரேம் வேகம் பழைய அமைப்பிலிருந்து குறைந்த வேகத்துக்குத் திரும்பியிருக்கும், அதை முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பையும் அங்கேயே மறுபடி போட்டுவிடுங்கள். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யத் தேவை இருக்காது.

அப்புறம் ஒரு அரை மணி நேரம் விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ ஓடவிட்டு சூட்டைக் கவனியுங்கள். 5600க்கு ஏஎம்டி சொல்லும் உச்ச வரம்பு 90 டிகிரி, 12400எஃப்புக்கு இன்டெல் சொல்வது 100. அந்த வரம்பை முட்டினால் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்துவிடாது. ஆனாலும் தினமும் அங்கே போய் நிற்கிறது என்றால் கூலரைத் திரும்பக் கழற்றிப் பாருங்கள். பேஸ்ட் ஒரு பக்கம் மட்டும் பரவியிருந்தால், எந்த ஸ்க்ரூ இறுகவில்லை என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

"டிஸ்பிளே வரலை"

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. ப்ராசஸர் போச்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள். முதலில் அந்த எட்டு பின் பவர் வயரைப் பாருங்கள். செருக மறந்திருந்தால் ஃபேன்கள் எல்லாம் சுற்றும், மெஷின் மட்டும் எழுந்திருக்காது. அடுத்து மானிட்டர் வயர்: கிராஃபிக்ஸ் இல்லாத ப்ராசஸர் போட்டுவிட்டு மதர்போர்டில் செருகியிருக்கிறீர்களா? அடுத்து ரேம். கூலர் மாட்டும்போது கை இடித்து ஒரு ஓரம் தூக்கியிருக்கும். எடுத்து, 'டக்' என்று பூட்டும்வரை அழுத்தி மாட்டுங்கள். ஒரே ஒரு ரேம்மோடும் முயன்று பாருங்கள்.

பல போர்டுகளில் ஓரத்தில் சிபியு (ப்ராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்கிலிருந்து எழுவது) என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். சிபியு விளக்கு நின்றால் பயாஸ் பதிப்பும் சாக்கெட் பின்களும் சந்தேகத்துக்குரியவை. எதுவும் பிடிபடவில்லை என்றால் பவரை உருவிவிட்டு, போர்டில் இருக்கும் ரூபாய் நாணயம் போன்ற பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்து வைத்துத் திரும்பப் போடுங்கள். பயாஸ் அமைப்புகள் அழிந்து புதிதாகத் தொடங்கும். அக்கா மகனுடைய மெஷினில் எங்களுக்கு வந்த ஒரே சிக்கல் ரேம்தான், இரண்டாவது அழுத்தில் சரியாகிவிட்டது.

எல்லாம் ஓடிவிட்டால் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போடாமல் மதர்போர்டு பெட்டிக்குள் போட்டு வையுங்கள். வாரன்டிக்குப் போர்டை அனுப்பும்போது மூடி இல்லாமல் வாங்க மாட்டார்கள், வழியில் பின் வளைந்தாலும் உங்கள் தலையில்தான் விழும். கழற்றிய பழைய ப்ராசஸரை, புதியது வந்த அதே பிளாஸ்டிக் டப்பாவில் பின் கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைத்து மூடுங்கள். 2200ஜி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு ஒரு பழைய ஏ320 போர்டு கிடைத்தால் அக்காவுக்குக் கணக்கு எழுத ஒரு மெஷின் போட்டுத் தரலாம் என்று பையன் இப்போது செகண்ட் ஹேண்ட் விளம்பரங்களை மேய்ந்துகொண்டிருக்கிறான்.